ஒரு சாவிக்கு ஓர் அம்பு முனை

என் மகளுடைய ஸ்கூட்டர் சாவியை நான் எட்டு மாதம் ஒளித்து வைத்திருந்தேன். முதலில் அரிசி டிரம்மில் புதைத்தேன். நாலாம் நாள் என் கணவர் உலைக்கு அரிசி அளக்கப் போனபோது டம்ளரோடு சாவியும் வந்தது. பிறகு தையல் மெஷின் டிராயர். பிறகு பீரோவில், கல்யாணப் புடவையின் மடிப்பு. இடத்தை மாற்றி மாற்றி எனக்கே குழம்பிவிட்டது. சமையல் பாதியில் அடுப்பை அணைத்துவிட்டுப் போய், சாவி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு வருவேன். கடைசியில், எப்போதும் கைப்பையில் என்னோடு வருகிற ஒரு பொருளுக்குள் அதைப் போட்டேன். அது என் ஸ்டிக்கர் டப்பா.

டப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷமாகப் பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து முடித்த துணி மேஜைக்கு வரும். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். அம்புக்குறி வடிவ ஸ்டிக்கர். அதன் கூர் பழுதைக் காட்டும். யோசித்து ஒட்டுவதில்லை. கண் பார்த்ததும் கை ஒட்டிவிடும். ஒரு கல்யாணத்தில் என் முன்னால் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டு அம்மாவின் பட்டு ரவிக்கையில் முதுகுத் தையல் ஓர் அங்குலம் பிரிந்திருந்தது. தாலி கட்டும் நேரத்தில் என் கை பைக்குள் போய் டப்பாவைத் திறந்துவிட்டது. நல்லவேளையாக என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

விபத்தைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். உக்கடத்தில், குளத்தை ஒட்டிய சாலையில், நின்றிருந்த ஒரு வேனின் கதவு திறந்தது. என் மகள் அப்போது ஸ்கூட்டரில் அதற்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். வலது காலில் ஒரு தகடு, ஆறு ஸ்குரூ. ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருந்தது, தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. பிளந்த ஹெல்மெட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். அந்தப் பையின் சரசரப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. காய்கறிக் கடையில் யாராவது பையை உதறினால்கூட ஒன்றும் வாங்காமல் திரும்பிவிடுவேன்.

அவளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. மூன்றாம் மாதமே கேட்டாள்: "ஏம்மா, வண்டி ரெடியாயிருச்சா?"

வண்டி ரெடியாகி வீட்டு வாசலில்தான் நின்றது. நான் அதன்மேல் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்தியிருந்தேன். அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கால் சரியாகி மறுபடி போக ஆரம்பித்ததும், நான் ஷிப்டை மாற்றிக்கொண்டு காலையில் அவளோடு பஸ்ஸில் போய் ஆபீஸ் வாசலில் விட்டுவிட்டு வருவேன். சாயங்காலம் ஆபீஸுக்கு எதிரே பேக்கரியில் காத்திருப்பேன். பேக்கரிக்காரர் என்னைப் பார்த்ததும் கேட்காமலே டீ போடுவார். அவள் வெளியே வரும்போது கூட வேலை செய்பவர்கள் "உங்க செக்யூரிட்டி வந்துட்டாங்க" என்று சொல்வது எனக்கும் கேட்கும். எட்டு மாதமாக அவள் தனியாக எங்கேயும் போகவில்லை. போக நான் விடவில்லை.

காலுக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட், "சமதரையில நடந்தது போதுங்க. இனி மணல்ல, கல்லுல, மேடு பள்ளத்துல நடக்கோணும்" என்றார். சூலூரைத் தாண்டி, நொய்யல் ஆற்றில் போய்ச் சேரும் ஒரு சின்ன ஓடை இருக்கிறது. எங்கள் ஊரில் ஓடையைப் பள்ளம் என்றுதான் சொல்வோம். மழை பெய்தால் மட்டும் இரண்டு நாள் தண்ணீர் ஓடும், மற்ற நாளில் மணலும் கூழாங்கல்லும்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ்ஸில் போய் அங்கே நடக்க ஆரம்பித்தோம்.

அம்பு முனை பைத்தியம் அவளுக்கு ஏற்கெனவே பிடித்திருந்தது. படுக்கையில் கிடந்த மாதங்களில் போனில் ஒரே மாதிரி வீடியோக்களாகப் பார்த்தாள். எங்கோ வெளிநாட்டில் முழங்கால்வரை பூட்ஸ் போட்ட ஆட்கள் ஓடையில் குனிந்து நடப்பார்கள். திடீரென்று ஒருவர் "ஓ!" என்று கத்துவார். சேற்றுக்குள்ளிருந்து ஒரு கல் அம்பு முனை வரும். அதை முத்தமிடுவார், கூட வந்தவரைக் கட்டிப்பிடிப்பார், சில சமயம் அழுவார். நம் பக்கத்திலும் பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக் கல்லை உடைத்து ஆயுதம் செய்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று எங்கேயோ படித்துவிட்டு, முதல் ஞாயிற்றுக்கிழமையே பள்ளத்தில் இறங்கியதும் கையை நீட்டினாள்.

"பந்தயம். நெசமான அம்பு முனை ஒண்ணு கெடச்சா, சாவி."

நான் பள்ளத்தைப் பார்த்தேன். கருவேல முள், பிஸ்கட் கவர், ஒற்றைச் செருப்பு. இங்கே எந்தக் காலத்தில் யார் அம்பு விட்டிருக்கப் போகிறார்கள்?

"சரி" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "உங்க ரெண்டு பேரு பஞ்சாயத்துக்கு நான் வரலீங் சாமி" என்றார்.

மகள் ஒரு விதியும் போட்டாள். எது கிடைத்தாலும் பள்ளத்தை விட்டு வெளியே எடுத்துப்போகக் கூடாது. கிடந்த இடத்திலேயே போட்டோ எடுக்க வேண்டும், பக்கத்துக் கூழாங்கல்லில் என் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும், போட்டோ எடுத்ததும் ஸ்டிக்கரை உரித்துவிட வேண்டும். போட்டோ இருந்தால் போதும், சாவி அவளுக்கு. டப்பாவிலிருந்து ஸ்டிக்கரை எடுக்கும்போதெல்லாம் அதற்கடியில் சாவி கிடந்தது. அவளுக்குத் தெரியாது. நான் டப்பாவை லேசாக மட்டும் திறப்பேன்.

பள்ளத்தின் கரையில் ஒரு வேப்பமரத்தடியில் கன்னிமார் மேடை இருந்தது. சின்னச் சிமெண்ட் மேடை, அதில் மஞ்சள் பூசிய ஏழு கற்கள், ஏழு அக்கா தங்கைகள். பக்கத்துத் தோட்டத்துக்கார அம்மா ஒருவர்தான் அதற்கு விளக்கு வைப்பவர். ஆடு மேய்க்கும் நேரமெல்லாம் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். இரண்டு பெண்கள் குனிந்துகொண்டே வருவதை முதல் நாள் அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏனுங் அம்மிணி, என்னத்தத் தொலைச்சுப்போட்டீங்? தோடா, மூக்குத்தியா?"

"அம்பு முனை தேடறோமுங்க அக்கா" என்றாள் மகள்.

"அம்பா? ஆரு உட்டாங்?"

"பல ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி இருந்தவிங்க."

அவர் வெற்றிலையை மென்றபடி யோசித்தார். "அப்ப இன்னேரம் அவிங்களே வந்து பொறுக்கிட்டுப் போயிருப்பாங்களே கண்ணு."

ஆனாலும் அவர் நம்பவில்லை. நாங்கள் தொலைத்தது வைரத் தோடுதான், வெளியே சொல்ல வெட்கப்படுகிறோம் என்று முடிவு செய்துவிட்டார். அடுத்தடுத்த வாரங்களில், "போன வாரம் பூரா நானும் பாத்தேனுங்க, தோடு ஆப்படலீங்" என்று அனுதாபத்தோடு சொல்வார். இல்லை என்று எத்தனை முறை சொல்வது? நானும் "பரவாயில்லீங்க்கா" என்று சொல்லப் பழகிவிட்டேன்.

முதல் மாதம் நாங்கள் கண்டுபிடித்தவை: பீர் பாட்டில் சில்லுகள் ஏராளம், ஒரு பல்செட்டின் பாதி, முக்கோணமாக உடைந்த பாத்ரூம் டைல்ஸ் துண்டு ஒன்று. டைல்ஸ் துண்டைப் பார்த்து மகள் போட்ட கூச்சலில் ஆடுகள் கலைந்து ஓடின. வீடியோவில் போல அதற்கு முத்தமும் கொடுத்துவிட்டாள். திருப்பிப் பார்த்தால் அடியில் சிமெண்ட்.

நான் சும்மா அவள் காலைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். "பாத்து வெய்யி, அந்தக் கல்லு ஆடுது, இந்தப் பக்கம் வா." ஒரு நாள் அப்படி அவள் காலடியையே பார்த்து நடக்கும்போது, அவள் கால் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்றில் என் கண் நின்றது. செக்கிங்கில் யாரும் ஓட்டையைத் தேட மாட்டார்கள். தேடினால் சாயங்காலத்துக்குள் கண் அவிந்துவிடும். துணியை ஓட விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தால், எது மற்றதோடு சேரவில்லையோ அங்கே கண் தானாக நிற்கும். குனிந்து எடுத்தேன். வெங்கச்சங்கல், அதாவது பால் நிறத்தில் கண்ணாடி மாதிரி இருக்கும் வெள்ளைக் கல். ஒரு சில்லு, விரல் நகம் அளவு. ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் நீளவாக்கில் இரண்டு வரி. விளிம்பு பிளேடு மாதிரி. தானாக உடைந்த கல் அப்படி இருக்காது.

மகள் அதைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"அம்மா. இது நெசம்."

"அம்பு முனையா?" என் குரல் கீச்சென்று வந்தது.

"இல்லம்மா, செய்யறப்ப தெறிச்ச சில்லு. ஆனா இங்க உக்காந்து ஆரோ செஞ்சிருக்கறாங்க."

அன்றைக்கு எனக்குப் பிடித்துக்கொண்டது. அதை எப்படிச் சொல்வது? கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில், சமையல் இல்லை, கம்பெனி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, ஒரு வேலையும் ஆகாத ஒரு சந்தோஷம். நான் பார்த்த இடத்திலெல்லாம் சில்லு இருந்தது. மகளுக்கு ஒன்று கிடைப்பதற்குள் எனக்கு ஐந்து கிடைத்தது. "நீ சாவியக் குடுக்கக் கூடாதுன்னு தேடறியா, குடுக்கோணும்னு தேடறியா?" என்று அவள் கடுப்பாகக் கேட்டாள். திங்கட்கிழமை கம்பெனியில் வெள்ளை டி-ஷர்ட் வரிசையைப் பார்க்கும்போதுகூட மணலும் கூழாங்கல்லும் கண்ணில் ஓடும். சனிக்கிழமை ராத்திரியே பொட்டலம் கட்டி, தண்ணீர் பாட்டில் நிரப்பி, "நாளைக்கு மழை வராதுல்ல?" என்று கணவரைத் தொந்தரவு செய்வேன். சந்தோஷத்தில் பந்தயமே எனக்கு மறந்துபோனது.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. மகள் முன்னால் போய்விட்டாள், கரை சரிந்திருந்த ஒரு இடத்தைப் போட்டோ எடுக்க. என் செருப்பில் வேலமுள் ஏறியிருந்தது. நான் ஒற்றைக் காலில் நின்று அதைப் பிடுங்கினேன். அப்போது கண் நின்றது.

சுண்டுவிரலில் இரண்டு கணு நீளம். வேப்பிலை போலக் கூர்ந்த நுனி. இரண்டு விளிம்பிலும் சின்னச் சின்னக் கொத்தல்கள், துணி ஓரத்தில் போடும் ஓவர்லாக் தையல் மாதிரி ஒரே அளவில், ஒன்றுகூட விலகாமல். அடியில் கட்டுவதற்கென்று ஒரு சின்ன இடுப்பு. தூக்கிப் பிடித்தால் வெயில் உள்ளே போய் வெளியே வந்தது. வீடியோக்களில் நான் பார்த்த எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது. இதைச் செய்த ஆள் இப்போது என் மேஜைக்கு முன்னால் நின்றிருந்தால், நான் எழுந்து நின்றிருப்பேன்.

கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கத்தினால் சாவி. சாவி என்றால் உக்கடம். காதில் பிளாஸ்டிக் பை சரசரத்தது.

குனிந்து பார்த்தால், என் கை அதற்குள் ஒரு ஸ்டிக்கரை எடுத்து ஒட்டியிருந்தது. பக்கத்துக் கூழாங்கல்லில் அல்ல, அந்த முனையின் மேலேயே. இருபத்திரண்டு வருஷத்தில் பழுதே இல்லாத ஒரு பொருளின் மேல் நான் ஸ்டிக்கர் ஒட்டியது அதுதான் முதல் தடவை.

"அம்மோவ்! என்ன பண்றே?" என்று தூரத்திலிருந்து குரல்.

அங்கேயே போட்டுவிட்டால் திரும்பி வரும்போது அவள் பார்த்துவிடுவாள். பையில் போட்டால், பிஸ்கட்டுக்காக அவள் பையைக் குடைவாள். தூக்கி எறிய மனசு வரவில்லை. பத்தடி தூரத்தில் கன்னிமார் மேடை. ஓடினேன். ஏழாவது கல்லுக்குப் பின்னால் அதை வைத்தேன். "தாயிகளா, கொஞ்ச நாளைக்கு நீங்களே பாத்துக்கோங்க" என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் மகள் நிற்கிறாள்.

"மூஞ்சி எதுக்கு இப்படி வேர்த்திருக்குது?"

"சாமி கும்பிட்டேன்."

"செருப்பக் கையில வெச்சுக்கிட்டா?"

அந்த வாரம் கம்பெனியில் நான் ஒட்டிய ஸ்டிக்கர்களைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள். நல்ல துணியில் ஒட்டினேன், அட்டைப்பெட்டியில் ஒட்டினேன், டீ டம்ளரில்கூட ஒன்று இருந்ததாம். வீட்டில் மகள் சோர்ந்து போயிருந்தாள். "சில்லத் தவிர அங்க ஒண்ணும் இல்லம்மா. நீ நெனச்சதுதான் சரி. பந்தயத்த உட்ரு" என்றாள். நான் எதிர்பார்த்துக் காத்திருந்த வார்த்தை அதுதான். கேட்டதும் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். என்னை நம்பி ஆசையை விடுகிற பெண், அவளிடமே ஒளிக்கிறேனே, எப்படிப்பட்ட அம்மா நான் என்று இருந்தது. அடுத்த ஞாயிறு கொட்டித் தீர்த்த மழை. அதற்கடுத்த ஞாயிறு, அவள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், நானே அவளை இழுத்துக்கொண்டு போனேன். அந்த முனையை எடுத்து, பழைய இடத்தில் போட்டு, அவள் கண்ணில் பட வைத்துவிடலாம் என்பது என் திட்டம். அதற்குப் பிறகு வண்டிக்கு என்ன சாக்குச் சொல்வது என்று பஸ்ஸில் போகும்போதே யோசித்துக்கொண்டிருந்தேன்.

பள்ளத்துக்கு முன்னாலேயே வேப்பமரம் தெரிந்தது. மரத்தில் மாவிலைத் தோரணம். மேடைக்குப் புதுச் சுண்ணாம்பு. சுற்றிலும் ஏழெட்டுப் பெண்கள், மூன்று பொங்கல் பானைகள், புகை. ஆட்டுக்கார அம்மா எங்களைப் பார்த்ததும் கரண்டியோடு ஓடி வந்தார்.

"வாங் வாங்! உங்களத்தான் நெனச்சுட்டே இருந்தேனுங். கன்னிமாருக்கு வேலு வந்திருக்குதுங்!"

"என்னது வந்திருக்குது?" என்றேன்.

"வேலுங்க! கல்லுல வேலு! வெள்ளிக்கெழம மேடையக் கழுவறப்ப ஏழாவது அம்மிணிக்குப் பொறகால மினுக்குன்னு ஒண்ணு. எடுத்துப் பாத்தா வேலு. ஏழு அக்காமாருக்கும் ஒரு தம்பி வந்து சேந்துட்டானுங். அதும் கேளுங், வேலுக்கு அடியில செவப்பா ஒரு குறி இருக்குது. கீழ பாத்துக் காட்டுது. 'இங்கயே நட்டு வெய்யி'ன்னு அர்த்தமாமா. எங்கூட்டுக்காரரு சொன்னாரு."

ஒரு சந்தன உருண்டையில் அந்த முனை நிமிர்ந்து நின்றது. நெற்றியில் குங்குமம், கழுத்தில் செவ்வந்திப்பூ. சந்தனத்துக்கு வெளியே சிவப்பாக அரை ஸ்டிக்கர் எட்டிப் பார்த்தது.

மகள் மேடைக்கு முன்னால் மெதுவாக மண்டியிட்டாள். தகடு வைத்த காலை மடக்க இன்னும் கொஞ்சம் சிரமம் அவளுக்கு. முனையைப் பார்த்தாள். அதன் விளிம்பைப் பார்த்தாள். மூச்சை இழுத்துப் பிடித்தாள். பிறகு அந்தச் சிவப்பைப் பார்த்தாள். பிறகு, அவசரமே இல்லாமல், தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாளோ என்றுகூட. அவள் தோள் முதலில் குலுங்கியது. உதட்டைக் கடித்தாள், வாயைக் கையால் பொத்தினாள், குலுக்கல் நிற்கவில்லை. பொங்கல் கொதிக்கிற மாதிரி உள்ளே கொதித்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது, முகம் சிவந்தது, முடி அவிழ்ந்தது, தொண்டைக்குள்ளிருந்து "ஹ்ம்ம், ஹ்ம்ம்" என்று ஒரு சத்தம். எனக்குத் தெரியும் அது சிரிப்பு என்று. மூன்று வயதிலிருந்து அவள் அப்படித்தான் சிரிப்பாள். ஆனால் சுற்றி நின்றவர்களுக்குத் தெரியாதே.

"ஐயோ, பிள்ளைக்கு அருள் வந்துருச்சு!" என்றார் ஒருவர்.

குலவை கிளம்பியது. யாரோ மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார்கள், யாரோ அவள் கையில் வேப்பிலைக் கொத்தைத் திணித்தார்கள். ஒரு பாட்டியம்மா முன்னால் வந்து கை கூப்பி, "சொல்லு தாயி, உனக்கு என்ன வேணும்? பொங்கல் வெச்சோம், கொறையா? பொடவை வேணுமா?" என்றார்.

மகள் வேப்பிலைக்குப் பின்னாலிருந்து, விக்கலும் அழுகையும் கலந்த குரலில் சொன்னாள்:

"சா...வி."

எல்லோரும் முன்னால் நெருங்கினார்கள்.

"என்ன சொல்லுது?"

"சாவியாமா."

"எந்தச் சாவி?"

"கன்னிமாருக்கு ஏது சாவி?"

"சாவி ஆருகிட்ட இருக்குது தாயி?" என்று பாட்டியம்மா விடவில்லை.

வேப்பிலைக் கொத்து உயர்ந்து, ஆடி, நேராக என்னைக் காட்டியது.

அத்தனை தலையும் திரும்பியது. "குடுத்துருங்க! சாமி குத்தத்துக்கு ஆளாவாதீங்க!" என்று ஒருவர் என் முழங்கையைப் பிடித்து உலுக்கினார். நான் கைப்பையைத் திறந்தேன், டப்பாவைத் திறந்தேன். ஸ்டிக்கர் சுருளுக்கு அடியிலிருந்து சாவியை எடுத்தேன். அதன் வளையத்தில் சின்ன ரப்பர் யானை ஒன்று தொங்கியது. அது எட்டு மாதமாக வெளிச்சத்தையே பார்க்கவில்லை. கன்னிமார் முன்னால், ஏழெட்டுப் பெண்கள் பார்க்க, குலவைக்கு நடுவே, என் மகளின் கையில் வைத்தேன். அடுத்த நொடி நானும் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக் குலுங்க ஆரம்பித்தேன். "அம்மாவுக்கும் வந்துருச்சு!" என்று இன்னொரு குலவை.

பொங்கல் சாப்பிட்டு, மற்றவர்கள் கலைந்த பிறகு, ஆட்டுக்கார அம்மா வாழையிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "எங்கூட்டுப் பெரியவளும் இப்படித்தானுங். சிரிப்பு வந்தா தோளுதான் குலுங்கும். எனக்கு அருளும் தெரியும், சிரிப்பும் தெரியும்."

மகள் பதறி அவர் கையைப் பிடித்தாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அது வந்து... நாங்க தேடுன அம்பு முனைங்க. அந்தச் செவப்பு அம்மாவோட ஸ்டிக்கர்."

அவர் மேடையை நிமிர்ந்து பார்த்தார். "உட்டவன் இன்னும் வந்து எடுத்துட்டுப் போகலை பாத்தியா" என்றார். பிறகு, "கொண்டு போறீங்களா?"

"இல்லீங்க. உங்களுக்கு இஷ்டம்னா இங்கயே இருக்கட்டும். அருங்காட்சியகத்துக்கு மட்டும் தகவல் எழுதிப் போடறேன். வந்து பாக்கறவிங்க பாக்கட்டும்."

"வரட்டும், அவிங்களும் கும்பிட்டுட்டுப் போகட்டும்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "அப்ப தோடு கடைசிவரைக்கும் ஆப்படவே இல்லீங்களா?"

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் மகள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எப்பக் கெடச்சுது?" சொன்னேன். எதனால் ஒளித்தேன் என்று அவள் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். பிளாஸ்டிக் பையைப் பற்றி அவளிடம் அதுவரை சொன்னதே இல்லை. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு என் சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொண்டாள். சிங்காநல்லூர் வந்ததும், "ஆனா அம்மா, எனக்குக் கெடைக்க வேண்டியத நீ கண்டுபிடிச்சுட்ட பாரு, அதத்தான் என்னால மன்னிக்க முடியாது" என்றாள்.

அன்று சாயங்காலமே பெட்ஷீட்டை உருவினாள். புது ஹெல்மெட் இரண்டு. நான் பின்னால் உட்கார்ந்தேன். எங்கள் வீதியைச் சுற்றி, ரயில்வே கேட் வரைக்கும். நின்றிருந்த ஒவ்வொரு காரின் கதவையும் பார்த்துக் கத்தினேன். "மெதுவா, மெதுவா, இன்னும் மெதுவா." எங்களைத் தயிர்க்கார அண்ணன் சைக்கிளில் முந்திப் போனார். போகும்போது திரும்பிப் பார்த்து, "ஏனுங்க, வண்டி ஓடுதா, நிக்குதா?" என்றார். மகள் சிரித்த சிரிப்பில் வண்டி ஆட, நான் இரண்டு கையாலும் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். நான் கத்தியது வீதி முழுக்கக் கேட்டதாம். பயத்தில் மட்டும் கத்தவில்லை.

திங்கட்கிழமை அவள் தனியாகக் கிளம்பினாள். வீட்டு வாசல் கேட்டருகே வந்து, வழக்கத்துக்கு மாறாக என்னைக் கட்டிப்பிடித்து, முதுகில் தட்டிக்கொடுத்தாள். "போய்ச் சேந்ததும் மெசேஜ் போடறேன். நீ பேக்கரிக்கு வராத." வண்டி திரும்பி மறையும்வரை நின்றேன். பிறகும் நின்றேன். கம்பெனி பஸ் ஹாரன் அடித்த பிறகுதான் ஓடினேன்.

வேலை ஆரம்பித்ததிலிருந்தே மேஜைப் பெண்கள் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். ஹால் பக்கம் போனால் பின்னால் கிசுகிசு. டீ நேரத்தில்தான் ஒருத்தி, "அக்கா, இத்தன நாளா துணிக்கு ஒட்டினீங்க, இப்ப உங்களுக்கே ஒட்டிட்டாங்களே" என்று என் முதுகிலிருந்து எதையோ உரித்து நீட்டினாள். சின்னச் சிவப்பு ஸ்டிக்கர். கூர் மேலே, நேராக என் தலையைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. காலையில் டப்பாவிலிருந்து மகள் எப்போது திருடினாளோ.

ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு நானும் சிரித்து முடித்த பிறகுதான் போன் ஞாபகம் வந்தது. "வந்துட்டேன்" என்று அவள் மெசேஜ் போட்டு நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. நாற்பது நிமிஷம் நான் போனை எடுத்துப் பார்க்கவில்லை என்று வீட்டுக்கு வந்து சொன்னேன். என் கணவர் நம்பவில்லை.